கோதுமைக்குக் காபி போட்ட கதை

போன ஐப்பசியில், மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆரம்பித்த விஷயம் இது. எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் குணம்தான் என்னை மாட்டிவிட்டது.

எதிர் ஃபிளாட்டில் குடியிருந்த பெண் ஹரியானாக்காரி. கணவரின் வேலைக்காக இங்கே வந்தவள், தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். ஹோலிக்கு முந்தின நாள் அவர்கள் ஊரில் தீ மூட்டி, பச்சைக் கோதுமைக் கதிரை அதில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டுச் சாப்பிடுவார்களாம். வருடா வருடம் அம்மா கையால்தான் அவளுக்கு முதல் வாய். இந்தத் தடவை பிரசவமும் ஹோலியும் ஒட்டி வந்ததால் ஊருக்குப் போக வழியில்லை. அம்மாவாலும் வர முடியாது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டிருந்தது.

"சென்னைல பச்சைக் கதிர் எங்க கிடைக்கும் ஆன்ட்டி?" என்று கேட்டாள். நானோ மாடித் தொட்டிகளில் வெண்டையும் தக்காளியும் மட்டுமே வளர்த்துப் பழகியவள். "கிடைக்கலைன்னா என்ன, நாமே வளர்த்துட்டாப் போச்சு" என்று வாய் முந்திக்கொண்டது.

ரொட்டி மாவுக்காக ஊரிலிருந்து வந்த கோதுமை மூட்டை அவள் வீட்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு சொம்பு விதை. தொட்டி மண்ணோ வெளுத்துச் சத்தில்லாமல் கிடந்தது. கடையில் உரம் வாங்காமல் இயற்கையாகவே போடலாம் என்று பார்த்தால், மயிலாப்பூரில் தினமும் தவறாமல் கிடைக்கிற பொருள் ஒன்று உண்டே, காபிச் சக்கை! ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியதும் மிஞ்சுகிற பொடி. எல்லா வீட்டிலும் சொல்லி வைத்தேன். காலையில் என் வாசலில் கிண்ணங்கள் வரிசை கட்டின. கீழ் வீட்டு மாமா அதை நேரிலேயே கொண்டு வருவார். "பீபெரியும் பிளான்டேஷனும் கலந்து அரைச்சது. உங்க கோதுமை கொடுத்து வெச்சிருக்கணும்" என்பார். பாதியை மண்ணில் பிசைந்தேன். மீதியை மேலே மெத்தை மாதிரி பரப்பினேன். ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் சக்கை எட்டவில்லை. மாடி மூலையில் காற்று கொண்டுவந்து சேர்த்த வேப்பிலைச் சருகு ரொம்ப நாளாகக் குவிந்து, கறுத்து, பொலபொலவென்று கிடந்தது. அதை அள்ளி அந்தத் தொட்டியில் போட்டு ஒப்பேற்றினேன்.

விதை முளைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கார்த்திகை பிறந்ததும் பயிர் மஞ்சளாகிவிட்டது. அடிக்கடி மழை பெய்தும் இலை நுனிகள் கருகின. விரலை விட்டுப் பார்த்தால், மேலே சக்கை ஏடு மாதிரி இறுகிப் பக்குக் கட்டித் தண்ணீர் தேங்கி நிற்கிறது, கீழே மண் வறண்டு கிடக்கிறது. எனக்கு நம்பவே முடியவில்லை. பக்கைக் கீறிவிட்டு, உள்ளே இறங்கும்படி ஊற்றலாம் என்று தூறலில் வாளியோடு ஏறினேன்.

வாட்ச்மேன் வழிமறித்தார். "இன்னாமா, வானமே ஊத்திக்கினு கீது, நீங்க தண்ணி தூக்கினு போறீங்க?"

ஊற்றியும் பயிர் தேறவில்லை. சருகு போட்ட தொட்டி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. அன்றைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அதிலிருந்து ஒன்று, சக்கைத் தொட்டியிலிருந்து ஒன்று என்று பிடுங்கி வேரைப் பார்த்தேன். பச்சைச் செடியின் வேர் மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தது. மண்புழு ஒன்றும் கூடவே வந்தது. மஞ்சள் செடிக்கு நாலு நூல்தான் வேர். பிறகு தேடிப் படித்ததில் காரணம் புரிந்தது. மக்காத பொருளை அப்படியே மண்ணில் கலந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்கள் பசிக்கு மண்ணிலிருக்கிற தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளுமாம். பயிர் பட்டினி. சக்கை கெட்டதில்லை, நான்தான் பந்தி முறை தெரியாமல் பரிமாறியிருக்கிறேன்.

பயிர் போனதைவிட, அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கவலை. அதிக நாளும் இல்லை. உடனே மறுபடி விதைத்தால்தான் ஹோலிக்குள் கதிர் பால் பிடிக்கும். சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கோதுமை நிறைய இருக்கு ஆன்ட்டி. வாங்க, திருப்பிப் போடலாம்."

சக்கைத் தொட்டிகளைக் கொட்டி, பொடியை முடிந்தவரை சலித்தெடுத்து, மக்கிய சருகையும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கையும் கலந்து மார்கழி பிறக்குமுன் விதைத்தோம். சக்கை வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லப் போனால், முகம் விழுந்துவிட்டது. "எங்காத்துக் காபிக்கு அப்படி என்ன குறை?" என்றார். ஒரு குறையும் இல்லை, மூலையில் சருகோடு சேர்ந்து மக்கட்டும், அடுத்த வருஷத்துக்கு ஆகும் என்றேன். மறுநாளே கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

தை போய் மாசி வந்தது. பழைய புடவையைக் கட்டி அணிலிடமிருந்து காப்பாற்றிய கதிர்கள் என் சுண்டுவிரல் நீளம்தான். நம் ஊர்ச் சூட்டுக்கு அதுவே பெரிசு. பெண் குழந்தை பிறந்து அவள் வீடு திரும்பியிருந்தாள். ஹோலிக்கு முந்தின நாள் சாயங்காலம், மாமா வீட்டுக் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, எங்கள் வாசலிலேயே கதிர்களை வாட்டினோம். அவள் ஃபோனில் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். அந்தம்மா தலையணையில் சாய்ந்தபடி எதிலும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தியைக் காட்டியபோதுகூடக் கண் கலங்கியதே தவிர முகம் அசையவில்லை.

இவள் கதிரைக் கையில் எடுத்துக் கசக்கத் தொடங்கினாள். அங்கே, அந்தம்மாவின் நல்ல கை மெல்ல உயர்ந்தது. கட்டை விரல் வெறும் உள்ளங்கையில் சுற்றிச் சுற்றித் தேய்த்தது. பிறகு கோணிப்போன உதட்டைக் குவித்து, இல்லாத உமியை ஊதினார். இவள் கையிலிருந்த தானியத்தை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு "அம்மா ஊட்டிட்டாங்க ஆன்ட்டி" என்று அழுதாள். நானும் அழுதேன்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்கிற ஆவலில்தான் அன்றைக்கு நான் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். அந்த மண்ணில் விளைந்தது எங்கோ இருக்கிற ஒரு தாயின் வெறும் உள்ளங்கை வரைக்கும் போய்ச் சேர்ந்ததைப் பார்த்ததிலிருந்து, தொட்டிக்கு ஒரு பிடி உரம் போடும்போதும் இது யார் கைக்குப் போகப் போகிறதோ என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.