பீப்பாயின் திருகில் காசிம் பாயின் கை

வெள்ளிக்கிழமை மாலை முகத்துவாரக்குப்பத்துச் செல்லம்மா மீன்கூடையை எங்கள் வாசலில் இறக்கினாள். வழக்கமாகக் கூவும் மீன் பெயர் எதையும் சொல்லவில்லை. "காசிம் பாய் நம்மள வுட்டுட்டுப் பூட்டாரு பாப்பா" என்றாள்.

தண்டையார்பேட்டையில் நம் தெருக்கோடி வீட்டில் இருந்த பாயை உங்களில் பலர் அறிவீர்கள். யுத்தத்துக்கு முன் பர்மாவில் எண்ணெய்க் கிணறு காத்தவர். அவருடைய கிணற்றில் எண்ணெய் பாகு போலக் கெட்டியாம். ஆனாலும் இறைக்க இயந்திரம் இல்லை. பூமிக்குள் அடைபட்ட வாயுவே அதை மேலே தள்ளுமாம்; திருகைக் கொஞ்சமாகத் திறந்து காத்திருக்க வேண்டும். "காத்த ஒரேடியா ஓடவுட்டா கிணறு மௌத்து, செத்துடும். எண்ணெய் உள்ளயே உக்காந்துக்கும்" என்பார். "பாய் சோடா பாட்டில தொறக்கிறதுக்குள்ள நமக்குத் தாகமே அடங்கிடும்" என்று அப்பா கேலி செய்வார்.

போன கோடையில் அப்பாவும் பாயும் நண்டு வாங்கக் குப்பத்துக்குப் போனார்கள். நானும் போனேன். செல்லம்மாவின் கணவர் மாரி, படகுக்குப் பூச, கப்பலில் கழித்த எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வாங்கியிருந்தார். தார் உருக்கும் வழக்கப்படி அதன் அடியில் தீ மூட்டியிருந்தார்கள். பீப்பாயின் மூடி பூரி போல உப்பியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லம்மா விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பாய் ஓடினார். "நெருப்ப இழு! அது தாரு இல்ல, கச்சா எண்ணெய். உள்ள வாயு கீது!"

"இன்னா பாய், எங்களுக்கே தார் காச்ச கத்துத் தர்றியா?" என்று மாரி சிரித்தார்.

பாய் எரியும் கட்டைகளை வெறுங்கையால் இழுத்து மணலில் புதைத்தார். மாரி சுத்தியலை எடுத்தார். "அப்ப மூடிய ஒடச்சா போவுது."

"ஒடச்சா உன் புள்ளயும் சேந்து போவும் நைனா."

மாரியின் கை கீழே இறங்கியது.

எங்களைக் காற்று வரும் பக்கம் தூரத்தில் நிறுத்திவிட்டு, பாய் மட்டும் பீப்பாயருகே உட்கார்ந்தார். ஈரத்துணி சுற்றிய திருகுச் சாவியால் மூடியிலிருந்த திருகைச் சற்றே தளர்த்தினார். பாம்பு போலச் சீறியது. உடனே இறுக்கினார். காத்திருந்தார். மறுபடி தளர்த்தினார். தகரம் முனகியது. அப்பா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. அப்போது மணலுக்குள் ஒரு கட்டை மீண்டும் புகைந்தது. செல்லம்மா குழந்தையை என்னிடம் திணித்துவிட்டு ஓடி, குடிதண்ணீர்ப் பானையை அதன்மேல் கவிழ்த்தாள். பாய் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கை திருகிலேயே இருந்தது.

சீறல் மெல்லக் குமுறலாகியது. பழுப்பு நுரையாக எண்ணெய் தானே ஏறி வந்து பீப்பாயின் விளிம்பில் வழிந்தது. யாரும் தள்ளவில்லை.

"இந்தக் கெயவனுக்கு எண்ணெய்கூட அடங்கிக்கினு வருதே!" என்றாள் செல்லம்மா, அழுதுகொண்டே. பாய் சட்டியை நீட்டச் சொன்னார். அவருடைய உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

அந்தப் படகு இன்றும் கடலுக்குப் போகிறது. பாயை அடக்கம் செய்த சனிக்கிழமை மட்டும் போகவில்லை. பாயைச் சுமந்த சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் மாரியும் ஒருவர்.

இன்று காலை மண்ணெண்ணெய்ப் பம்பு அடுப்பை அணைக்கக் காற்றுத் திருகைத் தளர்த்தினேன். "சீக்கிரம்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்றாள் அம்மா. சீறல் அடங்கும்வரை என் விரல் திருகைவிட்டு எழவில்லை. காசிம் பாயிடமிருந்து என்னிடம் வந்திருப்பது அந்த விரல்தான்.