கையோடு வந்த கள்ளி

அந்தக் கள்ளி எங்களுடையது அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அப்பா யாரைக் கண்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். எண்பத்து மூன்றாம் ஆண்டு நாங்கள் யாழ்ப்பாணத் தீவான வேலணைக்கு வந்து சேர்ந்த புதிதில், "கொழும்பிலை எல்லாம் எரிஞ்சு போச்சாமே" என்று விசாரிக்க வந்த சனத்திடம், எரிந்த வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கள்ளி இருந்த பூச்சட்டியைக் காட்டி, "இது எங்கட இல்லை, பக்கத்து வீட்டுக்காரின்ர" என்பார். வந்தவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வெட்கம் பிடுங்கித் தின்னும்.

கள்ளி என்றால் வேலியில் நிற்கிற கள்ளி இல்லை. தேசிக்காய் எனும் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை. உடம்பெல்லாம் வரிவரியாகப் பள்ளம், வரம்பு நெடுக மஞ்சள் முள். சின்ன மண் சட்டிக்குள் அது பாட்டுக்கு இருக்கும். வளர்ந்தது என்றும் சொல்ல முடியாது, வளரவில்லை என்றும் சொல்ல முடியாது. கொழும்பில் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த சிங்கள அக்கா ஒருவர், தன் சமையற் குசினியின் கதவுக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தார். கலவரம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த அன்று எங்கள் மூவரையும் இழுத்துக்கொண்டுபோய்த் தன் பின்னறையில் அடைத்து, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்ததும் அந்த அக்காதான். மூவர் என்கிறேன். அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம்.

அடுத்த நாள் அகதி முகாமுக்குச் சனத்தை ஏற்றிப்போக லொறி ஒன்று வந்தது. முன்பக்கத்தால் போக ஏலாது. பின்பக்கத்துக் குசினிக் கதவின் குறுக்குச் சட்டத்தை எடுக்கவேண்டுமென்றால் அதற்கு இடைஞ்சலாக இருக்கும் பூச்சட்டியை முதலில் எடுக்கவேண்டும். அக்கா சட்டியை எடுத்து, "கொஞ்சம் பிடியுங்கோ" என்று சிங்களத்தில் சொல்லி அப்பாவின் கையில் கொடுத்தார். சட்டத்தை இழுத்தார், கதவு திறந்தது, லொறிக்காரன் ஹோர்னை அமத்தினான், ஓடினோம். அவ்வளவுதான். லொறி இரண்டு சந்தி தாண்டிய பிறகுதான் அப்பா தன் கையைப் பார்த்தார். "ஐயோ, அக்காவின்ர சட்டி!" என்று சத்தமாகவே சொன்னார். லொறி நிறையச் சனம் அழுதுகொண்டிருக்கிறது, இவர் சட்டி என்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மாவை அந்த லொறியில் தூக்கி ஏற்றியது முன்பின் தெரியாத ஒருவர். ஏறும்போது அம்மாவின் கால் ஒருமுறை சறுக்கியது. நான் கண்டேன்.

முகாம் என்பது ஒரு பெரிய மண்டபம். குழந்தை அங்கேயே பிறந்தது, நேரத்துக்கு முந்தி. பெண் குழந்தை. ஒரு பொழுதுகூட இருக்கவில்லை. பேர் வைக்க யாருக்கும் தோன்றவுமில்லை, நேரமும் இல்லை. அங்கிருந்த டொக்டர் துணியில் சுற்றிக் கொண்டுபோனார். பிறகு வடக்கே காங்கேசன்துறைக்குக் கப்பல். கப்பலில் எனக்கு அகோரப் பசி. எனக்குத் தந்த பாண் ரொட்டியையும் தின்று, அம்மா தொடாமல் வைத்திருந்த பாணையும் தின்றேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பாணின் உருசி இன்றைக்கும் என் வாயில் இருக்கிறது, என்ன செய்ய.

வேலணையில் சின்னம்மாவின் வீடு. அம்மாவின் தங்கை. அவருடைய சீதன வீட்டில் ஓர் அறையை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். வாய் கொஞ்சம் நீளம், மனம் தங்கம். கள்ளியைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார்.

"அத்தான், தீவுக்குள்ள கள்ளிக்கோ பஞ்சம்? பின் வளவுக்குள்ள போய்ப் பாருங்கோ, நாகதாளி மிதிக்க இடமில்லாமல் கிடக்கு. கொழும்பிலையிருந்து கள்ளி காவிக்கொண்டு வந்த ஆக்களை நான் இப்பத்தான் காணுறன்."

"இது எங்கட இல்லை, பிள்ளை. திருப்பிக் குடுக்கவேணும்."

"குடுப்பியள், குடுப்பியள்."

அப்பா அந்தச் செடியைப் பார்த்த விதம் செடியைப் பார்க்கிற விதமில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற விதம். எங்கள் பக்கத்தில் வீட்டுக் கிணறெல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீருக்குச் சாட்டி என்ற ஊர்ப் பக்கம் போக வேண்டும். சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டி, வரிசையில் நின்று, அள்ளி வரவேண்டும். ஒரு வீட்டுக்கு வந்தவரை மதிக்கிறோம் என்பதற்கு அடையாளமே அந்த நல்ல தண்ணீரில் ஒரு செம்பு கொடுப்பதுதான். உவர்த் தண்ணீரை நீட்டினால் அந்த ஆள் வாசல் படலை தாண்டியதும் ஊர் முழுக்கச் சொல்லிவிடும். அப்பா ஊரை விட்டுப்போய் எத்தனையோ காலம், ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அக்காவின் கள்ளிக்குத் தினமும் காலையில் நல்ல தண்ணீர். ஒரு நாள் தவறாது.

சின்னம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மனுசர் குடிக்கிற தண்ணி, கண்டறியாத கள்ளிக்கு!" என்று குசினிக்குள் சட்டி பானைகளோடு பேசுவார், அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி. அம்மா அதைக் கேட்டுக் கூனிக் குறுகுவார். தங்கையின் வீட்டில் ஒண்டியிருக்கிறோம், அவள் புருஷன் அள்ளிவந்த தண்ணீரில் இந்த விளையாட்டு வேறு. சரி, நானே அள்ளி வருகிறேன் என்று அப்பா சைக்கிளை எடுத்தார். அலுவலகக் கதிரையில் இருந்து பழகிய மனுசன், இரண்டு கானுடன் சோளகக் காற்றுக்கு எதிராக மிதித்துக்கொண்டு வருவார். காற்றில் உப்பு வரும் என்று பின்னேரமானால் சட்டிக்கு மேலே பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்து மூடுவார். வேறு வேலை தேடச் சொன்னால் "பாப்பம்" என்பார். எனக்கு அந்தக் கள்ளியைக் கண்ணில் காட்டக் கூடாது. மனதுக்குள் எத்தனை தரம் செத்துப்போ என்று திட்டியிருப்பேன்.

செத்துத்தான் போனது. ஒரு நாள் காலையில் அப்பா கடகத்தைத் தூக்க, உருண்டை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. விரலால் தொட்டார், விரல் உள்ளே போனது. அடியெல்லாம் அழுகி, பழுத்த வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. அப்பா முற்றத்து மண்ணிலேயே இருந்துவிட்டார். "அக்காவுக்கு என்ன முகத்தோட போவன்?" என்று சொல்லிச் சொல்லி அழத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்க அழுகிறார். சின்னம்மாவும் முற்றத்துக்கு வந்துவிட்டார்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். அம்மா அதிர்ந்து பேசாத ஆள். அன்றைக்குப் பேசினார்.

"பிள்ளை போனதுக்கு நீங்கள் இப்பிடி அழேல்லை."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னை லொறியிலை ஏத்திவிட உங்களுக்கு ஒரு கை இல்லை. உந்தச் சட்டியைப் பிடிக்கக் கை இருந்தது. பாத்துக்கொண்டு வாறன், வந்த நாள் தொடக்கம் இதுக்குத் தண்ணி, இதுக்கு வெயில், இதுக்கு மூடி. எனக்கு ஒரு நாள், ஏனப்பா முகம் வாடிக் கிடக்கு எண்டு கேட்டனீங்களோ?"

அப்பா எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கோ, நான் திட்டித்தான் இது செத்தது, நான் திட்டித்தான் இந்தச் சண்டை வந்தது என்றே பட்டது. சின்னம்மா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, உந்தக் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாமெல்லே?" அம்மா, "ஓம்" என்றார். "சொல்லாமல் விட்டிருக்கலாம்." பிறகு விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினார்.

அழுகிய உருண்டையை எறிந்தது அம்மாதான். எறியும்போது அதன் அடியில் கடலைக்கொட்டை அளவில் இரண்டு மூன்று குட்டிகள் ஒட்டியிருந்ததைக் கண்டிருக்கிறார். அவற்றை மட்டும் கிள்ளி எடுத்துக் குசினி யன்னல் கட்டின்மேல் வைத்தார். ஏன் வைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை, அடுப்புப் புகையில் அவை பாட்டுக்குக் கிடந்தன. இரண்டு வற்றிப் போயின. ஒன்றின் அடியில் மட்டும், எல்லோரும் மறந்திருந்த நேரத்தில், நூல் மாதிரி வெள்ளையாக வேர் வந்திருந்தது.

அம்மா அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்து அப்பாவிடம் நீட்டினார்.

"இந்தாங்கோ. நடுங்கோ. ஆனா குளிப்பாட்டாதையுங்கோ."

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய முதல் முழுப் பேச்சு அதுதான். பருமணலும் உடைந்த ஓட்டுத் துண்டும் போட்டு, அதே சட்டியில் நட்டார். தண்ணீர் வார்க்க அவருடைய கை துடிக்கும். செம்பைத் தூக்கிக்கொண்டு வருவார், அம்மா ஒரு பார்வை பார்ப்பார், செம்பைக் கொண்டுபோய்த் தானே குடித்துவிடுவார். சின்னம்மா சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது என்பார். கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை ஒன்றும் அப்பாவுக்குக் கிடைத்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் அம்மாவிடம், "இரவு நித்திரை கொண்டனீரோ?" என்று கேட்கப் பழகினார். முதல் நாள் அதைக் கேட்க அவர் பட்ட பாட்டை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். தொண்டையைச் செருமிச் செருமி, ஏதோ கடன் கேட்க வந்தவர் மாதிரி.

எண்பத்தேழில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்து, கொழும்புக்கு வழி திறந்தது. பழைய அலுவலகத்தில் வேலை விசாரிக்கப் போவதாக அப்பா சொன்னார். எல்லோருக்கும் தெரியும், என்னத்துக்குப் போகிறார் என்று. அம்மா தடுக்கவில்லை. பனங்கட்டியும் ஒடியல் கிழங்கும் ஒரு பையில் கட்டினார். "அந்த அக்காவிட்டைக் குடுங்கோ. குடுத்திட்டு, முடிஞ்சுது எண்டு வாங்கோ. எனக்கு இனி இது இந்த வீட்டிலை வேண்டாம்" என்றார். சட்டியை ஒரு பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் இறக்கி, சுற்றிவரக் கடதாசி அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு அப்பா பஸ்ஸில் ஏறினார். கள்ளி அப்போது ஒரு பாக்கைவிடக் கொஞ்சம் பெரிது. நாலு வருசம் வளர்த்து, வாங்கினதைவிடச் சின்னதாகக் கொண்டுபோகிறாரே என்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கிழமை ஒன்று, ஏழு நாள் கழித்து, மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார். பேணி கையில் இல்லை. ஆள் நொந்து போயிருந்தார். நானும் அம்மாவும் குசினியில் நின்றோம். வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரவில்லை.

"அவ இல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கிறா. சுகமாத்தான் இருக்கிறா. குடுத்திட்டன்."

"பிறகென்ன?"

"நான் ஒரு பிழை விட்டிட்டன்."

அம்மா கரண்டியை வைத்தார்.

அப்பா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். சட்டியை நீட்டியதும் அக்கா அடையாளம் கண்டு சிரித்திருக்கிறார். அவருக்கு அதைக் கொடுத்த ஞாபகமே இல்லையாம், லொறி போன பதற்றத்தில் எங்கேயோ விழுந்து உடைந்திருக்கும் என்றுதான் நினைத்தாராம். தன் கவனக்குறைவால் பழையது அழுகிப்போனதை அப்பா ஒளிக்காமல் சொன்னார். இது அதன் குட்டி, இன்னும் சின்னன்தான் என்றார். குட்டி என்ற சொல்தான் அக்காவைக் கேட்க வைத்திருக்கிறது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு வயித்திலை இருந்த பிள்ளை?" என்று கேட்டார். ஒவ்வொரு பௌர்ணமிப் போயாவுக்கும் விகாரையில் அந்தப் பிள்ளை நன்றாக இருக்கவேண்டுமென்று ஒரு விளக்குக் கொளுத்தி வருகிறாராம்.

"அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு என்னாலை ஏலாமல் போச்சு" என்றார் அப்பா. "சுகமா இருக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளையோ எண்டு கேட்டா. ஓம் எண்டன். பேர் கேட்டா. அதையும் சொன்னன். நீர் பெத்துப் பறிகுடுத்த பிள்ளையை நான் பொய்யாக்கிப் போட்டன். வழி முழுக்க அதை யோசிச்சுக்கொண்டுதான் வந்தனான். நீர் என்னை என்னவும் ஏசும்."

நான் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அன்று வெடித்தது போல இன்றும் வெடிக்கப் போகிறது, இந்த முறை இந்தக் குடும்பம் தாங்காது என்று நினைத்தேன். அம்மா மிக மெல்லிய குரலில், "என்ன பேர் சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.

அப்பா ஒரு பேர் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மா அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"வேறென்ன கேட்டவ, அவளைப் பற்றி?"

"பள்ளிக்குப் போறாளோ எண்டு. பாலர் வகுப்புக்குப் போறாள் எண்டன். பால் குடிக்கத்தான் மாட்டன் எண்டு அடம்பிடிக்கிறவள் எண்டன்." அப்பாவின் குரல் உடைந்தது. "ஆரின்ர சாயல் எண்டு கேட்டா. உம்மட சாயல் எண்டு சொன்னனான்."

அம்மா மூலையில் கிடந்த கதிரையை இழுத்துக் குசினிக்கு நடுவில் போட்டார். அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து அதில் இருத்தினார். தான் அவருக்கு முன்னால் வெறும் நிலத்தில் இருந்துகொண்டார்.

"முதலிலை இருந்து சொல்லுங்கோ" என்றார். "ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."