தெரியாமலே தெரியுது என்றேன்

எனக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. காலையில் ரயிலில் வரும்போது கும்மிடிப்பூண்டி கம்பெனிகளின் புகைக்குழாய்கள் தண்ணீருக்குள் நிற்கிற மரம் மாதிரி அசையும். வெளியே சொல்ல வெட்கம், ஆனால் அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இரும்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒரு காலேஜில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வராந்தாவும் எனக்குப் பனிக்குள்தான் இருந்தது.

ஒரு நாள் கம்ப்யூட்டர் மேடம் கூப்பிட்டார்.

"அம்மா, காலேஜுக்குப் புது வெப்சைட் பண்ணிருக்கேன். இனிமே பரீட்சைக்கு விண்ணப்பம் போடறதெல்லாம் இதுலதான். எல்லாருக்கும் படிக்க வருதான்னு பாக்கணும். உக்காருங்க."

அந்த நாற்காலிகளைத் தினமும் துடைப்பேன். உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஏசி காற்று முதுகில் பட்டது. எதிரே திரையில் இளநீல வானம். அதில் வெள்ளையாக ஏதோ மிதந்தது. சோழவரம் ஏரிமேல் விடிகாலையில் கொக்கு போனால் அப்படித்தான் இருக்கும்.

"எழுத்து தெரியுதாம்மா?"

"தெரியுது மேடம்."

"கீழ இருக்கிறது?"

"அதுவும் தெரியுது."

நான் அப்படித்தான். சர்ச்சில் கண் முகாம் போட்டபோதும், பின்னால் வரிசை நிற்கிறதே என்று டாக்டரிடம் எல்லாம் தெரியுது என்று சொல்லிவிட்டு வந்தவள். மேடம் சந்தோஷமாகக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லேபைத் துடைக்கப் போனேன். பிறவியிலேயே பார்வை மங்கலான ஒரு பொண்ணு, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்திருந்தாள்.

"இன்னாடி, கம்ப்யூட்டருக்கு முத்தம் குடுத்துக்கினு கீற?" என்றாள் அவள் கூட்டாளி.

"கிட்ட போனாவாச்சும் மூஞ்சி காட்டும்னு பாத்தேன். அதுவும் காட்டல. விண்ணப்பம் போடற பட்டன் எங்கடி கீது?"

"தள்ளு, நான் போட்டுத் தரேன்."

"வேணாம். போன தடவ ஒருத்தி போட்டுத் தரேன்னு சொல்லி மறந்துட்டா. பரீட்சையே எழுதல நான். இந்த தபாவும் உட்டேன்னா எங்க நைனா தேர்வாய் கண்டிகை கம்பெனில சேத்துடுவாரு. நாளைக்குக் கடைசி நாளு. என்னோடத நானே போடணும்."

மாப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். தரையில் தண்ணீர் சொட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது நான் பார்த்த அதே வானம். அதில் எழுத்து இருக்கிறது என்று சொன்னவள் நான்.

மேடத்தின் அறை வாசலில் நின்றேன். டீ வந்தது, காலி கிளாஸ் திரும்பிப் போனது. கடைசியில் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. லேபுல ஒரு பொண்ணுக்கும் பட்டன் தெரியல."

"ஏம்மா, அப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க அவ்ளோ ஆசையா காட்டுனீங்க."

மேடம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது. நானும் அத்தோட உட்டுட்டேன்" என்றார்.

அந்தப் பொண்ணிடம் மேடம்தான் விஷயத்தைச் சொன்னார். எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்துத் திரைமுன் உட்காரவைத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் நிறத்தையும் எழுத்தையும் மாற்றிக்கொண்டே கேட்டார்.

"இப்போ?"

"தெரியல," என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஆயாம்மா, சத்தமா சொல்லு. மேடம் அடிக்க மாட்டாங்க," என்றாள் அந்தப் பொண்ணு.

"இப்போ?"

"தெரியல!" இந்தமுறை இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

வானம் வெளுத்துக்கொண்டே வந்து வெறும் வெள்ளையானது. அதற்குள்ளிருந்து கறுப்பாக, பெரிதாக, பழவேற்காட்டுப் பனியில் படகு வருகிற மாதிரி எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. அஞ்சாங்கிளாஸில் படித்த மாதிரி விரலை வைத்து மெதுவாகக் கூட்டினேன். வி... ண்... ண... ப்...

நான் முடிப்பதற்குள் பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். திரும்பினேன். அந்தப் பொண்ணு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பட்டனை அழுத்தியிருந்தாள்.