நாலாவது சரணம்

எழுபதுகளின் நடுப்பகுதியில், மெல்பேர்ணின் பிரன்ஸ்விக் பகுதியில் இருந்த ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நான் கொலர் தைத்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவள் நான். இங்கே என் சான்றிதழை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. முதல் மாதம் முழுவதும் கோணல் கொலர்களாகத் தைத்துக் குவித்தேன். மேற்பார்வையாளரின் கண்ணில் படுமுன் அவற்றைச் சத்தமில்லாமல் எடுத்துப் பிரித்து, திருத்தித் தைத்துத் திரும்ப என் மேசையில் வைத்தவர், அடுத்த மெஷினில் இருந்த ஜப்பானியப் பெண்.

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் நின்ற அவுஸ்திரேலியப் படையாள் ஒருவரைக் கல்யாணம் செய்து, இருபது வருடங்களுக்கு முன் கப்பலில் வந்தவர். தைக்கும்போது மெல்லிய குரலில் பாடுவார். மெஷின்களின் இரைச்சலில் அது எனக்கு மட்டுந்தான் கேட்கும். குரலில் எந்த அலங்காரமும் இருக்காது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு நேராக, சுத்தமாகப் போவார். கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த என் காதுக்கு முதலில் அது வெறுமையாக இருந்தது. பிறகு அந்தப் பாட்டு வராத நாட்களில் வேலை ஓடாமற் போனது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அது என்ன பாட்டென்று கேட்டேன். நாங்கள் பேசியது ஆங்கிலம், இரண்டு பேருடையதும் உடைந்தது. அதை என் ஊர்த் தமிழில் எழுதுவதுதான் எனக்கு லேசு.

"வீட்டு ஆக்களுக்கு நன்றி சொல்லுற பாட்டு. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது. முதல் சரணம் விடியவே அடுப்பு மூட்டுற ஆளுக்கு. ரெண்டாவது, ஆறு பெருகினா தோளில தூக்கிக்கொண்டு போற ஆளுக்கு. மூண்டாவது, காய்ச்சலுக்கு நித்திரை முழிக்கிற ஆளுக்கு."

"அம்மா, அப்பா எண்டு சொல்லுறேல்லையா?"

"சொல்லத் தேவையில்லை. பாடுற பிள்ளைக்கும் தெரியும், கேக்கிற தாய்க்கும் தெரியும்."

என் அம்மாவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொன்னால், "ஏன், நான் என்ன பிறத்தியாளோ?" என்று கோபித்திருப்பா. அதைச் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்களிலயும் அப்பிடித்தான். நேர சொல்ல வெக்கம். அதுக்குத்தான் பாட்டு வைச்சிருக்கிறம்."

அவருடைய தாய்க்கு அந்த வருடம் எழுபத்தேழு வயது நிறைந்தது. ஜப்பானில் அந்த வயதைப் பெரிதாகக் கொண்டாடுவார்களாம். ஆனால் எதிரிப் படையாளை மணந்த மகளோடு தாய் பேச்சை விட்டு இருபது வருடம். வருடப் பிறப்புக்கு மகள் தவறாமல் கடிதம் போடுவார். தம்பியிடமிருந்துதான் பதில் வரும். தாயின் கையெழுத்தில் ஒரு வரிகூட வந்ததில்லை.

"கடிதத்தை வாசிக்காமல் மூடி வைக்கலாம். குரலை என்னெண்டு மூடுறது? பாடி அனுப்புங்கோ," என்றேன். எங்கள் வீட்டில் ஒரு கசெற் ரெக்கோடர் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே பாடிப் பதிவு செய்வதென்று முடிவெடுத்தோம்.

ஞாயிறு காலை அவரைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கணவர் போனார். உயரமான, வாய் திறவாத மனுசன். தலையை மட்டும் ஆட்டினார். என் கணவர் குசினி மேசையில் ரெக்கோடரை வைத்து, ஃபிரிட்ஜின் இரைச்சல் கேட்காமலிருக்க அதன் வயரையும் கழற்றிவிட்டார். அந்தப் பெண் கதிரையில் இருந்து பாடச் சம்மதிக்கவில்லை. தாய்க்குப் பாடுவதென்றால் நின்றுதான் பாடவேண்டும் என்றார். தலைமயிரைச் சரிசெய்து, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். முதல் தடவை டிராம் மணி அடித்துக் கெடுத்தது. இரண்டாவது தடவை வேலியில் இருந்த மக்பை பறவை சேர்ந்து பாடியது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்தது. ஆனால் மூன்று சரணத்தோடு நின்றுவிட்டார்.

"இன்னும் ஒண்டு இருக்கு. நாலாவது. எனக்கு வருகுதில்லை," என்றார். கண்ணை மூடி எத்தனையோ தரம் முயன்றார். மெட்டு வந்தது, சொல் வரவில்லை. பாதிப் பாட்டை எப்படி அனுப்புவதென்று கவலைப்பட்டார்.

அந்த நேரம் அவரைக் கூட்டிப்போகக் கணவர் வந்து குசினி வாசலில் நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, கரகரத்த குரலில், சுதியும் இல்லாமல், ஜப்பானிய மொழியில் அந்த நாலாவது சரணத்தைப் பாடினார்.

மனைவி அவர்பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப ஜப்பானில, நீ எங்கட ஆமிக் காம்பில வேலை செய்து உடுப்பு அயன் பண்ணேக்க பாடுறனீ. நான் வெளியில லொறிக்குப் பக்கத்தில நிண்டு கேக்கிறனான். என்ன கருத்தெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

கருத்தை மனைவி எங்களுக்குச் சொன்னார். நாங்கள் கண்மறையும் வரை வாசற் படலையில் நின்று பார்க்கும் ஆளுக்கு நன்றி. கப்பலேறப் புறப்பட்ட நாளில் அவருடைய தாய் படலைக்கு வரவில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாவாம்.

"அதுதான் நானே அதை மறந்திட்டன் போல," என்றார்.

அப்போதுதான் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: "இஞ்சேருங்கோ, நான் ரெக்கோடரை நிப்பாட்டேல்லை."

அந்தக் குரலும் கசெற்றில் பதிந்துவிட்டது. அதை அழிப்பதா விடுவதா? தாய்க்குப் பிடிக்காத ஆளின் குரல் அது. அழித்துவிடச் சொன்னவர் அவர் கணவர்தான். மனைவி கசெற்றை வெளியே எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார். "இருபது வருசம் என்னோட இருந்த குரல். அதை வெட்டிப்போட்டு என்ன நன்றி சொல்லுறது?" என்றார். அதுவரை அவர் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் தபாலில் போட்டார்.

இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. நான் கேட்கப் பயந்தேன். அவர் வழமைபோல் தைத்தார், ஆனால் பாடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என் கையைப் பிடித்து, "உங்கட வீட்டை போவம்," என்றார். பையில் சிறிய பார்சல் ஒன்று. தம்பி அனுப்பிய கசெற்.

குசினியில் போட்டுக் கேட்டோம். முதலில் தம்பியின் குரல். பிறகு நீண்ட அமைதி, ஒரு இருமல். அதன்பின் ஒரு கிழவியின் குரல், பள்ளிக்கூட வாத்தியாரைப் போலக் கண்டிப்பாக.

அவர் கேட்டுக்கேட்டே எனக்கு மொழிபெயர்த்தார். "'நாலாவது சரணத்தில அந்த மனுசன் ஒரு சொல்லைப் பிழையாப் பாடுறார். திருத்திச் சொல்லு' எண்டு அம்மா சொல்லுறா."

பிறகு அந்தத் தாய், அந்த வரியை மூன்று தடவை, மெதுவாக, சொல் சொல்லாகப் பாடிக் காட்டினா. அவ்வளவுதான். மன்னிப்பு என்றோ, வா என்றோ ஒரு சொல் இல்லை. ஆனால் அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அடுத்த வருடம் இரண்டு பேரும் ஜப்பானுக்குப் போனார்கள். போகுமுன் அவர் கணவர் தினமும் கார் ஓட்டும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகினாராம். மூன்று கிழமை கழித்துத் திரும்ப வேலைக்கு வந்த மனைவியிடம், "அம்மா அவரோட கதைச்சவவோ?" என்று முதல் கேள்வியாகக் கேட்டேன்.

"கதைக்கேல்லை. அவர் பாடி முடிய, அவரின்ர கோப்பையில திரும்பத் திரும்பச் சோத்தைப் போட்டுக்கொண்டிருந்தா. அவர் பாவம், நாலு தரம் சாப்பிட்டார்."

அதைச் சொல்லிவிட்டு மெஷினில் நூலைக் கோத்து, மிதியில் காலை வைத்தார்.