நாடி எழுபத்திரண்டு என்று நான் சொன்ன காலை

போன கார்த்திகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விளாங்குடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. பிசியோதெரபி முதலாமாண்டு சேர்ந்து எனக்கு அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார அம்மாவை அத்தை என்றும் அவர் கணவரை மாமா என்றும் கூப்பிடுவோம். தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள், எங்களிடம் மதுரைத் தமிழ். அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது.

உடற்கூறும் உடலியங்கியலும்தான் முதல் வருஷப் பாடங்கள். இரண்டும் எனக்கு உயிர். படித்ததை மனசுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர் கழுத்தைத் திருப்பினால் எந்தத் தசை புடைக்கிறது என்று பார்ப்பேன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன், வருகிறவர்களிடமெல்லாம், “இவகிட்ட தலைவலின்னு மட்டும் சொல்லிராதீங்க. மண்டையில எத்தன எலும்புன்னு எண்ணிக் காட்டிட்டுத்தான் தைலம் குடுப்பா” என்பான்.

அந்தச் சமயத்தில் வயிற்றை ஒன்பது கட்டமாகப் பிரிப்பதைப் படித்திருந்தோம். இரண்டு கோடு நெடுக்கே, இரண்டு கோடு குறுக்கே. எந்தக் கட்டத்துக்குள் எந்த உறுப்பு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் நாடி எண்ணும் செய்முறை வகுப்பு நடந்தபோது, பக்கத்து பெஞ்சுக்காரியின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். தொண்ணூற்றொன்று வந்தது. அவள் மூன்று மாடி ஏறி ஓடி வந்திருந்தாள், வராமல் என்ன செய்யும்? எழுதப் போனேன், அவள் நோட்டைப் பிடுங்கினாள். “ஏய், எழுபத்திரண்டுன்னு போடுடி. வேற போட்டா சார் திரும்ப எண்ணச் சொல்லுவாரு, பஸ் போயிரும்.” சீனியர்களின் ரெக்கார்டு நோட்டுகளிலும், புத்தகத்தில் நார்மல் என்று போட்டிருக்கும் அதே எழுபத்திரண்டுதான். வகுப்பில் நாற்பது பேருக்கும் எழுபத்திரண்டு. எல்லாருக்கும் கையெழுத்து விழுந்தது.

அந்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாமா கீழேயிருந்து குரல் கொடுத்தார். “அத்தைக்கு வயிறு என்னமோ பண்ணுதாம், வந்து என்னன்னு பாரும்மா.” இறங்கி ஓடினேன். உண்மையைச் சொன்னால், கூப்பிட்டார்களே என்று சந்தோஷமாகத்தான் ஓடினேன்.

அத்தை கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் சொந்தத்தில் ஒரு புதுமனை புகுவிழா, பலமான சாப்பாடு. காலையில் ஒருமுறை வாந்தி எடுத்திருந்தார். பக்கத்தில் பன்னீர் சோடா பாட்டில் பாதி காலியாக இருந்தது. “இம்புட்டு சோடா குடிச்சுட்டேன், ஒரு ஏப்பம் வரமாட்டேங்குது” என்றார்.

எங்கே வலி என்றேன். விலா எலும்புகள் இரண்டு பக்கமும் பிரிகிற இடத்துக்குக் கீழே, நட்ட நடுவில் உள்ளங்கையை வைத்தார். என் ஒன்பது கட்டத்தில் மேல்வரிசை நடுக்கட்டம். இரைப்பை! பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோல் இருந்தது. “நெஞ்சுல ஒண்ணும் இல்லேல்ல அத்தை? அப்ப இது இரைப்பைதான். நேத்து சாப்பாடு” என்று சொல்லிவிட்டேன்.

அதோடு மாடிக்குப் போயிருக்கலாம். ஆனால் நாடியும் பிடித்துப் பார்த்தால்தானே முழுசாகப் பார்த்த மாதிரி இருக்கும்? கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து அரை நிமிஷம் எண்ணினேன். இருபத்திரண்டு. அப்படியென்றால் நிமிஷத்துக்கு நாற்பத்து நான்கு. எங்கோ விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்று. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதம் படித்தும் நாடி எண்ணத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

“எம்புட்டும்மா இருக்கு?”

“எழுபத்திரண்டு மாமா. நார்மல்.”

வாய் தானாகச் சொன்னது. மாமாவின் தோள் இறங்கியது எனக்குத் தெரிந்தது. “அப்பச் சரி, வாயுதான்” என்று சொல்லிவிட்டு அவர் இட்லி சாப்பிட உட்கார்ந்தார். ஃபேன் ஓடியும் அத்தையின் மேலுதட்டில் வியர்வை நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறினேன்.

மேலே வந்து சாப்பிட்டேன். புத்தகத்தைத் திறந்தேன், ஓடவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று. இரண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பாக எண்ண முடியுமா? அண்ணன் நாடி காட்டுகிற வாட்ச் கட்டியிருப்பான். அவன் கையைப் பிடித்து இழுத்து, வாட்ச் காட்டுவதைப் பார்க்காமல், சுவர்க் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். எண்பத்து நான்கு. “என்ன காட்டுது அண்ணே?” என்றேன்.

“எண்பத்து மூணு. ஏன், சாகப்போறேனா?”

என் விரல் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. அப்படியானால் கீழே இருப்பவருக்கு நிஜமாகவே நாற்பத்து நான்கு.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அத்தை அதே நாற்காலியில், கண்ணை மூடி, முகம் சாம்பல் பூத்து உட்கார்ந்திருந்தார். கையைத் தொட்டேன், சில்லிட்டிருந்தது. மணி ஒன்பது நாற்பது.

“மாமா, நான் பொய் சொல்லிட்டேன். எழுபத்திரண்டு இல்ல, நாப்பத்து நாலு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

மாமா கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி, “பொய்யா? எதுக்கும்மா இதுல போய்ப் பொய் சொன்ன?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. புரியாமல்தான் கேட்டார்.

அண்ணன் எதிர்வீட்டு ஆட்டோக்காரரைக் கூட்டி வந்தான். அத்தை அப்போதும், “சேலைய மாத்திக்கிட்டு வாரேன், இதைக் கட்டிக்கிட்டு எப்படி வெளிய வாரது” என்று எழுந்திருக்கப் பார்த்தார். “உங்கள அங்க யாரும் பொண்ணு பாக்க வரலத்தா, பேசாம உக்காருங்க” என்றார் ஆட்டோக்காரர். அவரும் அண்ணனும் அத்தையை நாற்காலியோடு வாசல்வரை தூக்கினார்கள். காளவாசல் சிக்னலில் மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே அப்படி ஒரு நெரிசல். அத்தையின் மணிக்கட்டிலிருந்து என் விரலை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளி இருக்கிறதே, அதற்குள் சாமி பெயரெல்லாம் சொல்லி முடித்துவிடலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்ததும் ஓட்டம் தொடங்கியது. மாரடைப்பு. அன்றைக்கே அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

அவசரப் பிரிவு டாக்டர், “எப்ப ஆரம்பிச்சது வலி?” என்றார். எட்டரைக்கு என்றார் மாமா. “இம்புட்டு நேரம் என்ன பண்ணுனீங்க?” மாமா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானே சொன்னேன், கட்டத்தையும் எழுபத்திரண்டையும், எல்லாவற்றையும். டாக்டர் திட்டவில்லை. மறுநாள் வார்டில் என்னைப் பார்த்தபோது நின்று, “இதயம் எது மேல உக்காந்திருக்கு?” என்று கேட்டார். உதரவிதானத்தின் மேல் என்றேன். “அதுக்குக் கீழ?” இரைப்பை என்றேன். “நடுவுல ஒரு தசைத்தகடு, அம்புட்டுத்தான். ரெண்டுலயிருந்து வர்ற வலியையும் மூளைக்குச் சரியாப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதும்மா. சர்க்கரைக்காரங்களுக்கு நெஞ்சு வலி வராமலே போகலாம். இதயத்தோட அடிப்பக்கம் அடைச்சா நாடியும் எறங்கும். நீ எண்ணுனது சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நீ எண்ணியது சரி. அதைவிட என்னைக் குத்திய வார்த்தை இன்றுவரை வேறில்லை. தெரியாமல் செய்த தப்பென்றால் என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். அத்தையின் உடம்பு எனக்கு இரண்டு தடவை உண்மையைச் சொன்னது, நான்தான் அதை மாற்றிச் சொன்னேன்.

அத்தை பத்து நாளில் வீட்டுக்கு வந்தார். பார்க்கப் போனேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அத்தை கையை என் பக்கம் நீட்டினார். “பாரு, எம்புட்டு இருக்குன்னு. உள்ளதச் சொல்லு.”

ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். “அறுபத்தாறு அத்தை” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். துணி காயப்போட மொட்டைமாடிக்கு வரும்போது அத்தை பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குகிறார். முன்பெல்லாம் நிற்க மாட்டார். நேரத்தோடு போயிருந்தால் இது இருந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்கலாம். இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. அத்தை அந்தப் படியில் நிற்கிற ஒவ்வொரு முறையும் நானும் மேலே என் அறையில் படிப்பதை நிறுத்திவிட்டு, அவர் காலடிச் சத்தம் மறுபடி கேட்கும்வரை காத்திருக்கிறேன்.