பரிமளாவின் முதுகுக்கு எந்த புஷ்?

மூன்று வாரம் இருக்கும். ஊட்டியிலிருந்து எமரால்டு போகிற ரோட்டில், பாதி வழியிலேயே காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பக்கத்து சீட்டில் என் மனைவி பரிமளா. பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தாள்.

பரிமளா எமரால்டு பக்கம் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். வேலைக்குப் போகலாம், ஆனால் குலுக்கல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று போனது ஒரு ட்ரையல். ட்ரையல் ஃபெயில்!

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்தர்றேனுங்க. இந்த ரோட்டுல தினம் போய்ட்டு வர என்னால ஆகாது."

சர்வீஸ் இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், 'டீச்சர், எப்ப வருவீங்க?' என்று போனில் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகுப்பை விட்டுவிட்டு இவள் வீட்டில் உட்கார்ந்துவிடுவாளா?

குற்றவாளி யார்? பாதி, கேரட் லாரிகள் ஓடி ஓடிக் குழியான ரோடு. மீதி, இருபத்திரண்டு வயதான என் கார். குழியில் இறங்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

புஷ் என்றால்? சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, வண்டியின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் உட்கார்ந்து அடி வாங்குகிற அப்பிராணி. பரிமளாவிடம் விளக்கினேன்.

"அப்ப எனக்குப் போன அதே சாமான்தான் காருக்கும் போயிருக்குதா?" என்றாள். வலியிலும் குசும்பு போகவில்லை.

உடனே நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆராய்ச்சி என்றால்... மூன்று நாள் வீடியோ பார்த்தேன். ரப்பர் பழசு, யூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் புஷ்தான் கெட்டி, வளைவில் கார் சாயவே சாயாது என்று ஆளாளுக்கு அடித்துச் சொன்னார்கள். முதுகு வலிக்காரர்கள் கெட்டி மெத்தையில் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் இல்லையா? அப்படியென்றால் கெட்டி புஷ்தானே முதுகுக்கு நல்லது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, பளபளவென்று சிவப்பு நிறத்தில் ஒரு யூரித்தேன் செட் வரவழைத்தேன்.

லவ்டேல் பக்கம் ஷெட் வைத்திருக்கிறார் மெக்கானிக் தங்கவேலு. அந்த செட்டை வாங்கிக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க சார், இந்த வண்டில தினம் ஆரு போறாங்க?"

சொன்னேன். ஆபரேஷனையும் சொன்னேன். செட்டைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தார். "நாளைக்கு டீச்சரைக் கூட்டிட்டு வாங்க. மெல்ல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துறலாம்."

மறுநாள் தங்கவேலு ஓட்டினார். பரிமளா பக்கத்தில். நான் பின் சீட்டில் — என் காரின் பின் சீட்டில் நான் உட்கார்ந்ததே அன்றைக்குத்தான்! அம்மாடி, என்ன உதறல்!

பரிமளா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தாள். "இது முன்னாடி, இடது பக்கம், கீழ... இது பின்னாடி, வலது... இது வண்டி இல்லீங்க, ரோடு."

ஷெட்டுக்கு வந்து ஜாக்கி போட்டுப் பார்த்தார் தங்கவேலு. "டீச்சர் சொன்ன ரெண்டு எடமும் அப்படியே கிழிஞ்சு கெடக்குதுங்க."

"எப்ப இருந்து தெரியும் உனக்கு?" என்று பரிமளாவைக் கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்தே. காரைக் கொறை சொன்னா உங்க மூஞ்சி போற போக்கு எனக்குத் தெரியாதுங்களா?"

கூசிப்போனேன்.

"யூரித்தேன் நல்ல சாமான்தானுங்க" என்றார் தங்கவேலு. "ரொம்ப நாள் உழைக்கும். ஆனா ரோட்டுல கெடக்கற ஒவ்வொரு கல்லையும் டீச்சருக்கு எடுத்துச் சொல்லிட்டே வரும். ரப்பர் பாதியத் தானே முழுங்கிரும். சக்கரத்துக்கெல்லாம் ரப்பரே போட்றேன். வளைவுல சாயாம புடிக்கற குறுக்குக் கம்பிக்கு மட்டும் உங்க செவப்பு. உங்க ஆசைய எதுக்குக் கெடுக்கோணும்?"

எது நல்ல பொருள் என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. யாருக்கு என்று கேட்ட முதல் ஆள் இவர்தான்.

அதோடு விட்டாரா மனுஷன்? புதுசு மாட்டிய பிறகு ஷெட்டுக்குள் வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் காரை நிறுத்தி, "போல்ட்ட இன்னும் முடுக்கலீங்க. ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க" என்றார்.

எதற்கு?

"சக்கரம் தொங்கறப்ப முடுக்கினா, வண்டி எறங்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். சீக்கிரம் கிழிஞ்சுரும். தினம் போறவங்க வெயிட்டுலயே முடுக்கிட்டா அதுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. டீச்சர், ஸ்கூலுக்கு என்னென்ன கொண்டு போவீங்க?"

"பேக்கு, டிபன்... பரீட்சை சமயத்துல நோட்டுக் கட்டு" என்றாள் பரிமளா, திகைத்துப்போய்.

நோட்டுக் கட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தார்! அப்புறம் பள்ளத்தில் இறங்கினார். நாங்கள் இருவரும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தோம். எங்கள் காலுக்கடியில் போல்ட்கள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் கேட்டது. சட்டைக்கு அளவெடுத்துத் தைப்பார்கள். காருக்கு அளவெடுத்து முடுக்குகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டும்விட்டேன்.

போன திங்கட்கிழமை, இடுப்பில் பெல்ட், மடியில் பேக் சகிதம் பரிமளா கிளம்பினாள். முட்டைத் தட்டு ஏற்றியவன் மாதிரி உருட்டிக்கொண்டு போனேன். முன்னால் ஒரு கேரட் லாரி. முன்பு நாங்கள் திரும்பி வந்த அந்தக் குழி ரோடு வந்தது. கார் இறங்கியது... ஏறியது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன்.

அவள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இப்படி ஊர்ந்துட்டுப் போனா எப்படி? பிரேயர் பெல் அடிச்சிருவாங்க. அந்த லாரியத் தாண்டிப் போங்க!"

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில், அவள் என்னை வேகமாகப் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை!