ஒரு நாற்காலி, இரண்டு வீங்கிய கன்னங்கள்

கூடத்து சோபாவில் ஒரு பை தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. பின்னாலேயே ஆள் உட்காரும் சத்தம் வரவில்லை. அக்கா உட்காரவில்லை என்றால் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி காதைத் தீட்டிக்கொண்டான்.

"எங்கேம்மா உன் வீட்டுக்காரன்?"

"உள்ளதான் இருக்கார் அண்ணி. காலையிலேர்ந்து அந்தத் திரையை முறைச்சிட்டிருக்கார். அதுவும் அவரை முறைக்குது," என்றாள் மனைவி.

தகவல்களை அட்டவணை அட்டவணையாக அடுக்கிக் காக்கும் டேட்டாபேஸ் சர்வர் ஒன்றில் பிழை பிடிப்பது அவன் பிழைப்பு. பிடித்தால் யாருக்கும் தெரியாது. விட்டால் ஊருக்கே தெரியும். அவன் டிவி ரிப்பேர் செய்கிறான் என்றே மாமனார் இன்றுவரை நம்பினார். போன மாதம் ஒரு ரிமோட்டைக் கொடுத்தனுப்பினார். அவனும் பேட்டரி மாற்றிக் கொடுத்துப் பாராட்டு வாங்கினான். அந்த வருஷம் அவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

குடும்பத்தில் அவன் வேலையை நம்பிய ஒரே ஜீவன் பல் டாக்டரான அக்கா. கிளினிக்குக்கு யார் எப்போது வரவேண்டும் என்பதையெல்லாம் அவனுடைய சர்வரில்தான் பதிந்து வைத்திருந்தாள். நோயாளியின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே, "எல்லாம் என் தம்பி வேலை" என்று பெருமைப்படுவாள். அவர்களாலும் மறுத்துப் பேச முடியாது.

அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

"மறுபடியும் ஒரே நேரத்துக்கு ரெண்டு பேர் வந்துட்டாங்கடா. ஒரு நாற்காலி, ரெண்டு வீங்கின கன்னம். யார் உட்கார்றதுன்னு என் கண்ணு முன்னாலயே சண்டை. இன்னிக்கு சாயந்திரம் வேற சர்வருக்கு மாத்தச் சொல்லிட்டேன். அதை உன் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அவன் நெஞ்சுக்குள் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. அக்காவும் போய்விட்டால், மிச்சம் அந்த ரிமோட்தான்.

"நானும் நாள்கணக்காப் பார்க்கறேன்கா. இங்க ஒழுங்காதான் இருக்கு. நீயே பாரு."

ஒரே நேரத்தை இரண்டு பேர் ஒரே கணத்தில் கேட்பதுபோல் விடாமல் கேட்கும் சின்ன புரோகிராம் ஒன்றை ஓட்டினான். ஒவ்வொரு முறையும் சர்வர் ஒருவருக்குக் கொடுத்து, மற்றவரைத் திருப்பி அனுப்பியது.

"நீ பார்க்கறப்ப மட்டும் நல்லாயிருக்கு," என்றாள் அக்கா.

"நம்ம பொண்ணு மாதிரி," என்றாள் மனைவி.

"ஆமா, ஏன் இப்படி ஆமை மாதிரி ஓடுது?" அக்கா திரையை எட்டிப் பார்த்தாள்.

என்ன திட்டினாலும் தாங்குவான். சர்வரை ஆமை என்றால் தாங்க மாட்டான். "அது சர்வரோட தப்பில்ல. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க, அடிக்கு அடி குறிப்பு எழுதி வைக்கச் சொல்லி அதுக்குள்ள நான் சேர்த்த ஒரு வரிதான் இழுக்குது. எடுத்துட்டா பறக்கும்."

ரோஷத்தோடு அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினான். பறந்தது. கண்மூடித் திறப்பதற்குள் திரையில் ஒரே நேரத்துக்கு எதிரே இரண்டு பெயர்கள் நின்றன.

"வந்துடுச்சு!" அவன் துள்ளி எழுந்து அக்காவின் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கினான். கண்களில் நீர் தளும்பியது. "வந்துடுச்சுக்கா."

"என் கிளினிக் மானம் போகுது. இவன் குழந்தை பிறந்த மாதிரி குதிக்கறான்."

"குழந்தை பிறந்தப்ப இவ்வளவு குதிக்கல அண்ணி."

அவன் மெல்ல உட்கார்ந்தான். அந்த வரி கேட்ட குறிப்பை எழுதுவதற்காக இரண்டு கோரிக்கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டியிருந்தது. அந்த வரிசையே அவற்றை மோதாமல் காத்திருக்கிறது. அந்த வரியும் வரிசையும் இல்லாத கிளினிக் சர்வரில் இரண்டும் ஒன்றாக நுழைந்து, இடம் காலி என்று பார்த்து, ஒன்றாகவே உட்கார்ந்துவிட்டன. பந்தம் கொளுத்திப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டு, திருடனைக் காணோமே என்று இத்தனை நாள் அலுத்துக்கொண்ட மகாபுத்திசாலி அவன்தான்.

"சரி பண்ணிடுவியாடா?" அக்காவின் குரல் இளகியிருந்தது. "ரெண்டு நாள்ல முடியும்னா, மாத்த வேணாம்னு சொல்லிடறேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அவன் திரையில் நின்ற இரண்டு பெயர்களைப் பார்த்தான்.

"வேணாம்கா. மாத்திடு. இது எத்தனை நாள் இழுக்கும்னு எனக்கே தெரியல. நானே கிளினிக் வெச்சிருந்தா, இன்னிக்கு இதை வெச்சிருக்க மாட்டேன்."

அக்கா அவன் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தாள்.

"முடிச்சதும் எனக்குத்தான் முதல்ல சொல்லணும். என் பேஷண்ட்ஸ் கிட்ட தம்பிக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லி வைக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மனைவி கதவைச் சாத்தினாள்.